மணலும் வால்வும்: டாக்டர் வலியத்தானின் இதய ஆய்வுகளைக் குமரி மாவட்டத்திலிருந்து புரிந்துகொள்வது எப்படி?

மணவாளக்குறிச்சி மணல் ஆலை பற்றியும், கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேர் பரப்பில் அணுக்கனிம மணல் எடுக்கும் திட்டம் பற்றியும் விவாதம் எழும்போதெல்லாம் முதலில் பேசப்படுவது புற்றுநோய். அதே மணலில் உள்ள தனிமங்களை ஓர் இதய நோயோடு தொடர்புபடுத்திய ஆய்வு ஒன்று, அண்டை நகரமான திருவனந்தபுரத்தில் 1980-களில் நடந்தது என்பது பரவலாகத் தெரிந்திருப்பதில்லை. அதை முன்னின்று நடத்தியவர் ஓர் இதய அறுவை மருத்துவர்: ஸ்ரீசித்திரா திருநாள் மருத்துவ அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தைக் கட்டியெழுப்பிய எம்.எஸ். வலியத்தான். இந்தியாவில் வடிவமைக்கப்பட்டுப் பெரும் எண்ணிக்கையில் பயன்பாட்டுக்கு வந்த சித்திரா செயற்கை இதய வால்வும் அவருடைய தலைமையில் உருவானதுதான். 2024 ஜூலை 17 அன்று, 90 வயதில், அவர் காலமானார்.

இந்த இரண்டு ஆய்வுகளையும் மேலோட்டமாகக் கேள்விப்படுகிறவர் இரண்டு தவறான முடிவுகளுக்கு எளிதாக வந்துவிட முடியும். ஒன்று, கடற்கரை மணலால் இதய நோய் வருகிறது என்பது நிரூபிக்கப்பட்டுவிட்டது என்பது. மற்றொன்று, உள்நாட்டு வால்வு விலை குறைவு, ஆகவே அது தரத்திலும் குறைவு என்பது. முதலாவதற்கு ஆதாரம் போதாது. இரண்டாவதற்கு எதிராகவே ஆதாரம் இருக்கிறது. ஒரே மனிதரின் இரண்டு ஆய்வுகள் இவ்வாறு வெவ்வேறு நிலைகளில் நிற்பது ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

வால்வு ஏன் கெடுகிறது?

இதயத்தில் நான்கு அறைகளும் நான்கு வால்வுகளும் உள்ளன. வால்வு என்பது ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு. இரத்தம் முன்னோக்கிச் செல்ல வழிவிட்டு, பின்னோக்கி வருவதைத் தடுக்கிறது. வளர்ந்த ஒருவரின் இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிப்பதால், ஒவ்வொரு வால்வும் ஆண்டுக்குச் சுமார் 3.8 கோடி முறை திறந்து மூடுகிறது.

இந்தியாவில் இளம் வயதினரின் வால்வு கெடுவதற்கு முக்கியக் காரணம் வாதக் காய்ச்சல். பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்கு, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவால் தொண்டைப்புண் வருகிறது. அந்தக் கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பாற்றல், கிருமிக்கும் இதயத் திசுவுக்கும் இடையிலுள்ள ஒற்றுமையால் தடுமாறி, சிலருக்கு இதய வால்வையே தாக்கிவிடுகிறது. தொண்டைப்புண் ஆறி, மூட்டு வலியும் தணிந்து, எல்லாம் மறந்துபோன பல ஆண்டுகளுக்குப் பின் வால்வு தடித்து, ஒட்டி, சுருங்குகிறது. இடப்பக்கத்து ஈரிதழ் வால்வு, அதாவது மருத்துவமனைகளில் மைட்ரல் வால்வு என்று சொல்லப்படுவது, மற்றவற்றைவிட அதிகமாகப் பாதிக்கப்படுகிறது. இருபது வயதில் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வரும் பெண்ணுக்கோ, முதல் கர்ப்பத்தின்போது திடீரென்று மூச்சுத்திணறல் ஏற்படும் பெண்ணுக்கோ எக்கோ, அதாவது ஒலியலைகளால் எடுக்கும் இதயப் படம், எடுத்துப் பார்க்கும்போதுதான் பல நேரங்களில் இது வெளிப்படுகிறது.

நெருக்கடி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. வால்வு நோய் ஏழைக் குடும்பங்களின் இளையோரைத் தேடி வருகிறது. ஆனால் 1970-களில் அவர்களுக்குப் பொருத்தக் கிடைத்த வால்வுகள் யாவும் வெளிநாட்டிலிருந்து வந்தவை, அவற்றின் விலையோ அக்குடும்பங்களால் எட்ட முடியாதது. அறுவை செய்யத் தெரிந்த மருத்துவர் இருந்தும் பொருத்த வால்வு இல்லை என்ற நிலையில், அந்த மருத்துவரின் கைத்திறன் மட்டும் நோயாளிக்குப் பயன்படாது.

மாவேலிக்கரையிலிருந்து பூஜப்புரை வரை

வலியத்தான் 1934-இல் மாவேலிக்கரையில் பிறந்தவர். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி 1951-இல் தொடங்கப்பட்டபோது அதன் முதல் அணி மாணவர்களில் ஒருவர். இங்கிலாந்தில் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் பொது அறுவை மருத்துவம் பயின்று, பின்னர் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், ஜார்ஜ் வாஷிங்டன், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக மருத்துவமனைகளில் இதய அறுவையில் பயிற்சி பெற்றார். ஜார்ஜ்டவுனில் அவருக்கு வழிகாட்டியவர் சார்லஸ் ஹஃப்நாகல். 1952-இல் மனித உடலில் முதன்முதலாகச் செயற்கை வால்வு ஒன்றைப் பொருத்தியவர் அவரே. அந்த வால்வு ஒரு குழாய்க்குள் அடைக்கப்பட்ட பந்து. அது இதயத்துக்குள் அல்லாமல், கீழிறங்கும் பெருந்தமனியில் வைக்கப்பட்டது. இதயத்துக்குள்ளேயே பொருத்தி வெற்றி கண்ட ஸ்டார்-எட்வர்ட்ஸ் வால்வு 1960-இல்தான் வந்தது. அதை உருவாக்கிய இருவரில் ஆல்பர்ட் ஸ்டார் அறுவை மருத்துவர், லோவெல் எட்வர்ட்ஸ் பொறியாளர். மருத்துவரும் பொறியாளரும் ஒரே மேசையில் உட்காராமல் வால்வு பிறக்காது என்பது வலியத்தான் பயிற்சி பெற்ற சூழலில் அன்றாட நடைமுறையாக இருந்தது.

1972-இல் நாடு திரும்பிய அவர், கேரள முதல்வர் அச்சுத மேனனின் அரசு அழைத்ததன்பேரில் 1974-இல் திருவனந்தபுரம் வந்தார். அங்கே திருவிதாங்கூர் அரச குடும்பம் 1973-இல் மக்களுக்கும் அரசுக்கும் வழங்கிய பல மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. அதை வழக்கமான ஓர் உயர்சிகிச்சை மருத்துவமனையாக ஆக்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வலியத்தான் கேட்டது வேறு: மருத்துவமனையோடு சேர்ந்து, மருத்துவக் கருவிகளை ஆராய்ந்து உருவாக்கும் ஒரு தொழில்நுட்பப் பிரிவும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வேண்டும். 1976-இல் மருத்துவமனையின் உள்நோயாளிச் சேவை தொடங்கியது. மகாராணி சேது லட்சுமிபாய் வழங்கிய பூஜப்புரை சாட்டல்மண்ட் அரண்மனையில் தொழில்நுட்பப் பிரிவு அமைந்தது. 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் இது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆனது. மத்திய சுகாதாரத் துறையின் கீழ் வராமல், அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் வந்ததே அதன் நோக்கத்தைக் காட்டும்.

குமரி மாவட்ட வாசகருக்கு இந்தப் பின்னணி அயலூர்ச் செய்தி ஆகாது. அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவை. எல்லை மாறிய பின்னும் நோயாளிகள் செல்லும் வழி மாறவில்லை. குழித்துறையிலோ மார்த்தாண்டத்திலோ இருப்பவருக்குச் சென்னையைவிடவும் மதுரையைவிடவும் திருவனந்தபுரமே இன்றும் அருகில் உள்ள பெருநகரம்.

நான்கு மாதிரிகள், மூன்று தோல்விகள்

வால்வு ஆய்வில் மிகவும் கற்றுக்கொள்ளத்தக்கது அதன் தோல்வி வரிசையே. தேர்ந்தெடுக்கப்பட்ட வடிவம் சாய்தட்டு வால்வு: ஒரு வளையம், அதனுள் சாய்ந்து திறந்து மீண்டும் படிந்து மூடும் ஒரு வட்டத் தட்டு, தட்டு நழுவிவிடாமல் பிடிக்கும் உலோகக் கம்பிகள், வளையத்தைச் சுற்றி அறுவை மருத்துவர் தையல் போடுவதற்கான துணிப் பட்டை. பகுதிகள் இவ்வளவுதான். ஆனால் இவை ஒவ்வொன்றும் இரத்தத்துக்குள், ஓய்வின்றி, பல்லாண்டுகள் உழைக்க வேண்டும், இரத்தத்தைக் கட்டியாக்கக் கூடாது, சிவப்பணுக்களை நசுக்கக் கூடாது, தேயக் கூடாது, உடையவே கூடாது.

1. முதல் மாதிரியில் தட்டைப் பிடிக்கும் கம்பி டைட்டானியம் வளையத்தோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. அந்த ஒட்டு இடமே பலவீனமாகி முறிந்தது.

2. இரண்டாவது மாதிரியில் தட்டு செயற்கை நீலக்கல் படிகத்தால் செய்யப்பட்டது. கல் தேயவில்லை; அது உரசிய டைட்டானியம் தேய்ந்தது.

3. மூன்றாவது மாதிரியில் உலோகம் மாற்றப்பட்டது. கோபால்ட் சேர்ந்த கடினக் கலப்புலோகம் ஒன்று வளையத்துக்குப் பயன்பட்டது. இம்முறை உலோகம் தாங்கியது, நீலக்கல் தட்டு உடைந்தது.

4. நான்காவது மாதிரியில், கடினத்துக்கு எதிராகக் கடினத்தை நிறுத்தும் எண்ணமே கைவிடப்பட்டது. வளையமும் கம்பிகளும் பற்றவைப்பே இல்லாமல், கோபால்ட் கலப்புலோகத்தின் ஒரே துண்டிலிருந்து கடைந்தெடுக்கப்பட்டன. தட்டு, மிகை மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக்கால் செய்யப்பட்டது. செயற்கை இடுப்பு மூட்டுகளில் பயன்படும் அதே வகைப் பொருள். தையல் பட்டை பாலியெஸ்டர் துணி.

முதல் தோல்வியின் எடையை உணர, அதே காலத்தில் வெளிநாட்டில் நடந்த ஒன்றைப் பார்க்க வேண்டும். பியோர்க்-ஷைலி என்னும் புகழ்பெற்ற சாய்தட்டு வால்வின் ஒரு வகையில், பற்றவைக்கப்பட்ட கம்பி நோயாளிகளின் இதயத்துக்குள்ளேயே முறிந்து, தட்டு கழன்றோடி, பலர் உயிரிழந்தனர். 80,000-க்கும் மேற்பட்டோருக்குப் பொருத்தப்பட்ட பிறகு 1986-இல் அந்த வகை சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. பூஜப்புரையில் அதே இடத்தில் ஏற்பட்ட முறிவு சோதனைக் கருவிக்குள் நடந்தது. சோதனைக்கூடத்தில் ஆண்டுகள் வீணாவதாக அன்று தோன்றியிருக்கலாம். ஆனால் ஒரு வால்வு எங்கே உடைய வேண்டுமோ அங்கே உடைந்தது.

எவ்வளவு சோதித்தால் போதும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஆண்டுக்குச் சுமார் 3.8 கோடித் துடிப்பு என்றால், பத்தாண்டு உழைப்பு 38 கோடிச் சுழற்சி. பத்தாண்டுகள் காத்திருக்க முடியாது என்பதால், உடலில் நடப்பதைவிடப் பல மடங்கு வேகத்தில் வால்வைத் திறந்து மூடும் கருவிகளில் இச்சோதனை செய்யப்படுகிறது. அதன்பின் செம்மறியாடுகளில் பொருத்திப் பார்க்கிறார்கள். அதற்கும் பின்னரே மனிதர்.

வலியத்தானோடு பொறியாளர் ஜி.எஸ். புவனேஸ்வரும் அவருடைய குழுவினரும் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் இதில் உழைத்தனர். வால்வு ஒருவரின் கண்டுபிடிப்பு என்று எழுதும் செய்திகள் இந்தக் கூட்டு உழைப்பை மறைத்துவிடுகின்றன. அறுவை மருத்துவரின் பங்கு, எது தேவை என்று சொன்னதும், மூன்று முறை தோற்ற பின்னும் திட்டத்தை மூடாமல் காத்ததும் ஆகும். நிதி தரும் அரசுத் துறையிடம் மூன்றாவது தோல்வியை விளக்குவது எளிய வேலையாக இருந்திருக்காது.

விலை குறைவு என்றால் தரம் குறைவா?

1990 டிசம்பர் 6 அன்று சித்திரா வால்வு முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. 1995 வரை ஆறு மருத்துவமனைகளில் 306 நோயாளிகளுக்குப் பொருத்தித் தொடர்ந்து கண்காணித்தார்கள். அவர்களில் 205 பேருக்கு மைட்ரல் வால்வும், 101 பேருக்குப் பெருந்தமனி வால்வும் மாற்றப்பட்டன. 2001-இல் வெளியான முடிவில், வால்வின் பாகங்கள் உடைந்து செயலிழந்த நிகழ்வு பதிவாகவில்லை. இரத்தக் கட்டி, இரத்தக் கசிவு போன்ற சிக்கல்கள் பிற இயந்திர வால்வுகளில் காணப்படும் அளவை ஒத்திருந்தன. டி.டி.கே. குழுமம் திருவனந்தபுரத்திலேயே ஆலை அமைத்து வணிக உற்பத்தியைத் தொடங்கியது. இன்றுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் பொருத்தப்பட்டுள்ளன.

விலை குறைந்ததற்கான காரணங்கள் தரத்தோடு தொடர்பில்லாதவை. ஆராய்ச்சிச் செலவைப் பெரும்பாலும் அரசு ஏற்றது; உற்பத்தி உள்நாட்டில் நடந்தது; அயல்நாட்டு நிறுவனத்துக்கு உரிமத் தொகை கொடுக்க வேண்டியிருக்கவில்லை; தட்டுக்கு விலை மிகுந்த பைரோலிடிக் கார்பன் பயன்படவில்லை. பிளாஸ்டிக் தட்டினால் கிடைத்த துணைப் பயன் ஒன்று, ஓசை குறைவு. கார்பன் தட்டு உள்ள வால்வு வைத்தவர்களில் சிலருக்கு இரவின் அமைதியில் அதன் டிக் டிக் ஒலி காதில் விழுந்து தூக்கம் கெடுவதுண்டு.

ஒரு வேறுபாட்டையும் இங்கே சொல்லியாக வேண்டும். இன்று பல மையங்களில் இரண்டு அரைவட்ட இதழ்கள் கொண்ட இருதட்டு வால்வுகளே அதிகம் விரும்பப்படுகின்றன. அவற்றில் இரத்தம் செல்லும் பரப்பு கூடுதல் என்பது அவர்கள் கூறும் காரணம். எந்த வால்வு என்பதை நோயாளியின் வயது, வால்வின் இடம், இதயத்தின் அளவு ஆகியவற்றைப் பார்த்து அறுவை மருத்துவரே முடிவு செய்கிறார். ஆகவே சித்திரா வால்வு எல்லோருக்கும் சிறந்தது என்று சொல்ல முடியாது. மலிவானது, ஆகவே ஆபத்தானது என்றும் சொல்ல முடியாது.

வால்வைப் போலப் பெயர் பெறாத இன்னொரு பொருள், அறுவைச் சிகிச்சையை அதைவிடவும் பரவலாக மாற்றியது: இரத்தப் பை. அதற்கு முன் இந்தியாவில் இரத்தம் கண்ணாடிப் புட்டிகளில் சேகரிக்கப்பட்டது; உடையும், நுண்கிருமி புகும், இரத்தத்தைக் கூறுகளாகப் பிரிப்பது கடினம். ஸ்ரீசித்திராவின் தொழில்நுட்பத்தைப் பெற்ற ஒரு நிறுவனம் 1980-களின் இறுதியில் திருவனந்தபுரத்தில் பிளாஸ்டிக் இரத்தப் பை தயாரிக்கத் தொடங்கி, பிறகு உலகின் பெரிய உற்பத்தி ஆலைகளில் ஒன்றாக வளர்ந்தது. இதய அறுவை மட்டுமன்றி, பிரசவத்தில் இரத்தப்போக்கு ஏற்படும் பெண்ணுக்கும் சாலை விபத்தில் அடிபட்டவருக்கும் பயன்பட்ட மேம்பாடு இது.

வால்வு வைத்த பின்

இயந்திர வால்வு பொருத்தியவருக்கு அறுவை முடிவதோடு சிகிச்சை முடிவதில்லை. எந்த நிறுவனத்தின் இயந்திர வால்வாக இருந்தாலும் கீழுள்ளவை பொருந்தும்.

1. இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் மாத்திரை வாழ்நாள் முழுவதும் தேவை. வார்ஃபரின், அசெனோகுமரால் ஆகியவை இதற்கானவை. டாபிகாட்ரான் போன்ற புதிய மாத்திரைகள் இயந்திர வால்வுக்கு ஏற்றவை அல்ல. டாபிகாட்ரானை இயந்திர வால்வு நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு, கட்டியும் கசிவும் கூடியதால் இடையிலேயே நிறுத்தப்பட்டது.

2. மாத்திரையின் அளவு சரியா என்பதை ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனை காட்டும். மைட்ரல் வால்வுக்கு அது பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். பெருந்தமனி வால்வுக்கு இதைவிடச் சற்றுக் குறைந்த வரம்பு. குறைந்தால் வால்வில் கட்டி உருவாகலாம். கூடினால் மூளையிலோ குடலிலோ கசிவு ஏற்படலாம். இந்தப் பரிசோதனைக்காகத் திருவனந்தபுரம் வரை போக வேண்டியதில்லை. நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் செய்துகொண்டு, முடிவைத் தம் மருத்துவருக்குத் தெரிவிக்கலாம். தொலைவைக் காரணமாகக் காட்டிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதே பெரும்பாலான ஆபத்துகளின் தொடக்கம்.

3. முருங்கைக்கீரை, அரைக்கீரை போன்றவற்றில் வைட்டமின் கே மிகுதி. அது மாத்திரையின் வேலையைக் குறைக்கும். கீரையே கூடாது என்பது தவறான அறிவுரை. ஒரு வாரம் முழுக்கக் கீரை, அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்று மாறி மாறி உண்பதுதான் சிக்கல். மீனுக்கும் மரச்சீனிக்கும் (மரவள்ளிக்கிழங்கு) இந்தத் தடை இல்லை.

4. வலி மாத்திரைகளையும் நாட்டு மருந்துகளையும் கேளாமல் சேர்க்கக் கூடாது. பல் பிடுங்கும் முன் வால்வு இருப்பதைப் பல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். முன்கூட்டியே நுண்ணுயிர்க்கொல்லி தேவைப்படும்.

5. குழந்தை பெற விரும்பும் பெண் அதைக் கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வார்ஃபரின் கருவைப் பாதிக்கக்கூடியது. அதைத் தானாக நிறுத்தினால் தாயின் வால்வில் கட்டி உருவாகக்கூடும். இளம்பெண்ணுக்கு இயந்திர வால்வா, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மாற்ற வேண்டிவரும் திசு வால்வா என்ற கேள்வி அறுவைக்கு முன்பே குடும்பத்தோடு பேசித் தீர்க்கப்பட வேண்டியது. நடைமுறையில் அந்தப் பேச்சு பெண்ணை விட்டுவிட்டு, பெற்றோரோடோ கணவரோடோ முடிந்துவிடுகிறது.

6. திடீர் மூச்சுத்திணறல், கைகால் மரத்துப்போதல், வால்வின் வழக்கமான ஒலி மங்கிப்போதல் ஆகியவை அவசர நிலையின் அறிகுறிகள்.

வாதக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடப்படும் பென்சாதின் பென்சிலின் ஊசி, வால்வு மேலும் கெடுவதைத் தடுக்கிறது. ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டிய, வலி தரும் ஊசி அது. ஆயினும் எந்த வால்வைவிடவும் மலிவு.

மற்றொரு நோய்: இதய உட்சுவர் நார்த்தடிப்பு

திருவனந்தபுரத்தில் வலியத்தான் சந்தித்த நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு இருந்தது வாதக் காய்ச்சலால் வந்த நோயன்று. அவர்களுடைய இதயக் கீழறைகளின் உட்சுவரில் வெண்ணிறத் தழும்புபோல் நார்த்திசு தடித்துப் படர்ந்திருந்தது. 1948-இல் உகாண்டாவில் ஜே.என்.பி. டேவிஸ் விவரித்த இந்நோயின் பெயர் எண்டோமயோகார்டியல் ஃபைப்ரோசிஸ், சுருக்கமாக ஈ.எம்.எஃப். தடித்த சுவர் விரிய மறுப்பதால் அறையில் இரத்தம் நிரம்ப முடியாது. வால்வும் சுவரோடு ஒட்டிக் கசியும். கழுத்து நரம்பு புடைக்கும், வயிற்றில் நீர் கோத்து வீங்கும். பெரும்பாலும் வறிய குடும்பங்களின் சிறுவரும் இளைஞரும் இதற்கு ஆளானார்கள். உகாண்டா, நைஜீரியா, பிரேசில், மொசாம்பிக் என்று வெப்பமண்டலத்தின் சில இடங்களில் மட்டும் தென்பட்ட நோய், இந்தியாவில் கேரளத்தில் குவிந்திருந்தது.

அவரது குழு தடித்த உட்சுவரை உரித்தெடுத்து, கெட்ட வால்வை மாற்றும் அறுவையைச் செய்து அதன் விளைவுகளை 1980-களில் வெளியிட்டது. ஆபத்து மிகுந்த அறுவை அது. அறுத்துக்கொண்டே இருப்பதில் பொருளில்லை, இந்நோய் ஏன் இங்கே வருகிறது என்று கேட்டாக வேண்டும் என்ற நிலைக்கு அது இட்டுச்சென்றது. குமரி மாவட்டத்துக்கு இத்தகைய கேள்வி புதிதன்று. எவரெஸ்ட் பயணங்களால் பெயர் பெற்ற ஹோவர்ட் சாமர்வெல், நெய்யூர் மருத்துவமனையில் இருபதாண்டுகளுக்கு மேல் அறுவை மருத்துவராக இருந்தபோது, திருவிதாங்கூரில் மிகுதியாகக் கண்ட முன்சிறுகுடல் புண்ணை அறுத்துச் சரிசெய்ததோடு நில்லாமல் அதன் நோயியல் பற்றியும் ஆய்வுக் கட்டுரை எழுதினார்.

மணல் கருதுகோளின் படிகள்

1909-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பெர்க், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றுப் பொருளில் ஒட்டியிருந்த மணலைப் பின்தொடர்ந்து மணவாளக்குறிச்சியில் மோனசைட் என்னும் கனிமம் இருப்பதைக் கண்டறிந்தார். அன்று எரிவாயு விளக்குகளின் திரிவலைக்கு, அக்கனிமத்தில் உள்ள கதிரியக்கத் தனிமமான தோரியம் தேவைப்பட்டது. இந்திய மோனசைட்டில் சுமார் 60 விழுக்காடு வரை அருமண் தனிமங்களின் ஆக்சைடுகளும், 8 முதல் 10 விழுக்காடு தோரியம் ஆக்சைடும் உள்ளன. அந்த அருமண்களில் அளவில் முதலிடம் சீரியத்துக்கு.

வலியத்தான், சி.சி. கர்த்தா உள்ளிட்டோரின் வாதம் இவ்வாறு அமைந்தது:

1. ஈ.எம்.எஃப். நோயாளிகளின் இதயத் திசுவில் சீரியமும் தோரியமும் மற்றவர்களின் திசுவைவிட அதிகமாக இருந்தன.

2. மோனசைட் கலந்த மண்ணில் விளையும் கிழங்குகள் சீரியத்தை உறிஞ்சிக்கொள்ள முடியும். கேரளத்திலும் இங்கேயும் ஏழைகளின் அன்றாட உணவு மரச்சீனி.

3. ஊட்டக்குறைவுள்ள பிள்ளைகளின் உடலில் மக்னீசியம் குறைவு. அக்குறைவு சீரியத்தின் தீங்கைக் கூட்டும் என்று கருதப்பட்டது. மக்னீசியம் குறைந்த உணவோடு சீரியமும் கொடுக்கப்பட்ட எலிகளின் இதயத்தில் நார்த்திசு தடித்தது.

4. ஆகவே மண்ணிலுள்ள தனிமம், கிழங்கு, ஊட்டக்குறைவு ஆகிய மூன்றும் சேர்ந்தே இந்நோயை உண்டாக்கியிருக்கலாம்.

நான்காவது படியிலுள்ள "சேர்ந்தே" என்ற சொல் முக்கியம். மணலில் நடப்பதாலோ, மணல் காற்றாலோ, கதிர்வீச்சாலோ இதய நோய் வருகிறது என்று இந்த ஆய்வு கூறவில்லை. அது பேசியது உணவின் வழி உடலுக்குள் செல்லும் ஒரு தனிமத்தின் வேதி விளைவை.

ஏன் இது இன்னும் கருதுகோளாகவே இருக்கிறது?

வால்வைப் பொறுத்தவரை ஒரு கேள்விக்கு விடை காணச் சோதனைக் கருவியை ஓடவிட்டால் போதும். உடைந்தால் தவறு, உடையாவிட்டால் அடுத்த படி. நோயின் காரணத்தை அவ்வாறு சோதிக்க முடியாது. குழந்தைகளுக்குச் சீரியம் கொடுத்துப் பார்க்க யாராலும் இயலாது. எனவே கிடைப்பவை மறைமுகச் சான்றுகளே. நோயுற்ற திசுவில் ஒரு தனிமம் கூடியிருப்பதால் அதுவே நோயை உண்டாக்கியது என்றாகாது. தழும்பான திசுவில் அது பின்னர் வந்து சேர்ந்திருக்கவும் கூடும். ஒட்டுண்ணித் தொற்றால் பெருகும் ஈசினோஃபில் வெள்ளணுக்கள் காரணம் என்றும், கிழங்கிலுள்ள பிற நச்சுகள் காரணம் என்றும் வேறு விளக்கங்கள் உள்ளன. எதுவும் முடிவாக நிறுவப்படவில்லை.

எல்லாவற்றையும்விட வலிமையான தடை காலம் தந்தது. 1990-களிலிருந்து கேரளத்தில் புதிய ஈ.எம்.எஃப். நோயாளிகள் அரிதாகிவிட்டனர். மணல் அதே இடத்தில் இருக்கிறது, மண்ணும் மாறவில்லை. மாறியவை உணவு, வருமானம், சுகாதாரம், குடற்புழு நீக்கம் ஆகியவை. இதனால் மணல் மட்டுமே காரணம் என்ற வாதம் விழுந்துவிடுகிறது. ஊட்டக்குறைவும் சேர வேண்டும் என்ற வலியத்தானின் மூல வாதம் விழவில்லை. ஒட்டுண்ணி வாதமும் விழவில்லை. இரண்டுமே இந்த மாற்றத்தோடு ஒத்துப்போகின்றன. அறிவியல் நோக்கில் இது திருப்தியற்ற நிலை. விடை கிடைக்கும் முன்பே நோய் மறைந்துகொண்டிருக்கிறது. நோயாளிகளுக்கு அது நல்லதாகவே முடிந்தது.

கிள்ளியூர் வட்டத்தில் எதை அளக்க வேண்டும்?

இந்த ஆய்வை மணல் எடுப்புக்கு எதிரான தீர்ப்பாகக் காட்டுவது பிழை. ஆய்வே இல்லை என்பதுபோல் அதிகாரிகள் நடந்துகொள்வதும் பிழை. மோனசைட் இயல்பாக மண்ணில் கிடப்பதற்கும், அதைத் தோண்டி, அலசி, பிரித்து, கழிவை மீண்டும் நிரப்புவதற்கும் வேறுபாடு உண்டு. கிணற்று நீரிலும் விளைபொருளிலும் தனிமங்களின் அளவு மாறுகிறதா என்பது அளந்து பார்த்தால் தெரியக்கூடிய ஒன்று.

அளக்கும் வழிக்கு முன்மாதிரி மொசாம்பிக்கில் இருக்கிறது. 2008-இல் வெளியான ஆய்வில், அங்குள்ள ஒரு கிராமப் பகுதிக்கு எக்கோ கருவியைக் கொண்டுபோய், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த 1,063 பேரைப் பரிசோதித்தனர். அவர்களில் 19.8 விழுக்காட்டினருக்கு ஈ.எம்.எஃப். இருந்தது, அவர்களுள் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இல்லை. மருத்துவமனைக்கு வருவோரை மட்டும் எண்ணினால் கிராமத்தின் உண்மை நிலை தெரியாது என்பதை அந்த எண் காட்டியது.

அதேபோல் இங்கேயும் மூன்று அளவீடுகள் போதும்: திட்டப் பகுதியிலும் மணல் இல்லாத ஒரு பகுதியிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு எக்கோ, அவ்விரு பகுதிகளின் மரச்சீனி, கிணற்று நீர் ஆகியவற்றில் சீரியம், தோரியத்தின் அளவு, பிள்ளைகளின் ஊட்டநிலை. முதல் அளவீடு வாதக் காய்ச்சலால் மறைவாகக் கெட்டுவரும் வால்வுகளையும் காட்டிக்கொடுக்கும்; பென்சிலின் ஊசியால் காப்பாற்றக்கூடிய பருவத்திலேயே அப்பிள்ளைகளைக் கண்டுபிடித்துவிடலாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. தனிமங்களை அளக்கும் ஆய்வகங்கள் திருவனந்தபுரத்தில் உள்ளன. இவை மணல் எடுக்கத் தொடங்கும் முன்பே செய்யப்பட வேண்டியவை. தொடங்கிய பின் எடுக்கப்படும் எண்ணை எதனோடு ஒப்பிடுவது என்று கேட்டால், ஆலைத் தரப்பிலும் ஊர்த் தரப்பிலும் விடை இருக்காது.